சுற்றுலா உத்தியும் தரவின் வழியும்: பொதுத்துறைச் சுற்றுலா அமைப்புகளில் தகவல் தொழில்நுட்பத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பொதுத்துறைச் சுற்றுலா அமைப்புகள் தகவல் தொழில்நுட்பத்தைப் பெரும்பாலும் விளம்பரத்திற்கும் முன்பதிவிற்கும் பயன்படுத்தி வருகின்றன. வகுத்த உத்தி களத்தில் நிறைவேறுகின்றதா என்பதை அறிந்து, அதனைத் திருத்திக்கொள்ளும் கருவியாக அமையும்போதே அத்தொழில்நுட்பத்தின் முழுப்பயன் கிட்டும். நீலகிரி, கொடைக்கானல் ஆகிய மலைப்பகுதிகளில் 2024 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் முறையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து இங்கு முன்வைக்கப்படுகின்றது. துறைதோறும் பிரிந்துகிடக்கும் தரவை இணைப்பதற்கு ஊர்ப்பெயர் ஒழுங்கு இன்றியமையாதது என்பதும், அப்பணியில் தமிழாய்வுக்கு நேரடியான பங்கு உண்டு என்பதும் வலியுறுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சுற்றுலா உத்தி, செயலாக்கம், தரவு, இ-பாஸ், தாங்குதிறன், ஊர்ப்பெயராய்வு.

முன்னுரை

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தங்கும் விடுதிகளையும் படகுத்துறைகளையும் சுற்றுலாப் பேருந்துப் பயணங்களையும் நடத்துவது அதன் பணியாக அமைந்தது. அரை நூற்றாண்டு கடந்து, 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை, சுற்றுலாவிற்குத் தொழில் தகுதியை வழங்கியது. விடுதி நடத்துதல் என்னும் நிலையிலிருந்து, ஒரு மாநிலத்தின் நிலம், நீர், நினைவுச்சின்னம், வழிபாடு, வேலைவாய்ப்பு ஆகியவற்றை ஒருங்கே எண்ணிப் பார்க்கும் நிலைக்குச் சுற்றுலா நிருவாகம் வந்து சேர்ந்துள்ளமையை இம்மாற்றம் காட்டுகின்றது.

கொள்கை வகுத்தல் ஒரு நாட் செயல். அதனை நிறைவேற்றுதல் பல்லாண்டுச் செயல். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைத் தகவல் தொழில்நுட்பம் குறைக்கும் என்னும் நம்பிக்கை இன்று பரவலாக உள்ளது. இணையதளம், கைப்பேசிச் செயலி, இணையவழிக் கட்டணம், சமூக ஊடகக் கணக்கு ஆகியன இல்லாத சுற்றுலாத்துறை இன்று அரிது. எனினும், இவை பெருகியமையால் உத்தி செயலாகிவிட்டது என்று கொள்ளவியலுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது.

உத்தி என்னும் சொல்லும் அதன் பொருளும்

மேலாண்மைத் துறை குறிக்கும் கருத்திற்குத் தமிழில் உத்தி, வியூகம், மூலோபாயம் எனச் சொற்கள் பல வழங்குகின்றன. மூலோபாயம் என்னும் சொல் இலங்கைத் தமிழ் அரசாவணங்களில் நிலைபெற்றது. வியூகம் என்பது போர்க்களத்தின் அணிவகுப்பைச் சுட்டும் சொல்லாதலின், எதிரி ஒருவனை முன்னிறுத்திக்கொள்கின்றது. உத்தி என்பதோ தொல்காப்பிய மரபியலிலும் நன்னூலிலும் முப்பத்திரண்டு வகையாகக் கூறப்பெற்ற நூல் யாக்கும் நெறி. பகுதிகளை முறைப்பட அமைத்து ஒரு முழுமையை ஆக்கும் வழி என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. பொதுத்துறைச் சுற்றுலாவிற்கு வெல்லத்தக்க எதிரி எவரும் இல்லை. ஒருங்கிணைக்கத்தக்க பகுதிகளே உள்ளன. ஆகவே உத்தி என்னும் சொல்லே இங்குப் பொருந்துவதாகும்.

செயலாக்கத்தின் இடர்ப்பாட்டை மேலைநாட்டு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஓர் அமைப்பின் கட்டமைப்பு அதன் உத்தியைப் பின்பற்றி அமைதல் வேண்டும் என்று ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962-ஆம் ஆண்டில் விளக்கினார். ஜெஃப்ரி பிரஸ்மன், ஏரன் வில்டாவ்ஸ்கி ஆகியோர் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அமெரிக்காவின் ஓக்லந்து நகரில் நடைமுறைப்படுத்தப்பட்ட வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை ஆராய்ந்தது. ஒரு திட்டம் பல அமைப்புகளின் ஒப்புதலைக் கடந்து செல்லுந்தோறும் அது நிறைவேறும் வாய்ப்பு தேய்கின்றது என்பது அந்நூலின் முடிபு. ஒவ்வொரு படியிலும் ஒப்புதல் கிட்டும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எனக் கொண்டாலும், பதினான்கு படிகளைக் கடக்கும்போது மொத்த வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்கிவிடும். தகவல் தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, ஹென்டர்சன், வெங்கட்ராமன் ஆகியோர் 1993-ஆம் ஆண்டில் முன்வைத்த பொருத்தக் கோட்பாடு குறிப்பிடத்தக்கது. உத்தி, அமைப்பின் கட்டமைப்பு, தொழில்நுட்ப உத்தி, தொழில்நுட்பக் கட்டமைப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றித் தொழில்நுட்பச் செலவு பயன் தாராது என்பது அதன் சாரம்.

இக்கருத்துகள் தமிழ் மரபிற்குப் புதியன அல்ல. திருக்குறளின் பொருட்பால் தெரிந்துசெயல்வகையை 47-ஆவது அதிகாரமாகவும், வினைசெயல்வகையை 68-ஆவது அதிகாரமாகவும் தனித்தனியே வைத்துள்ளது. இவ்விரண்டிற்கும் இடையில் 59-ஆவதாக ஒற்றாடல் அமைந்துள்ளது. ஒருவர் தந்த செய்தியை மற்றொருவர் தரும் செய்தியால் சோதித்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தவழியே அதனைத் தெளிதல் வேண்டும் என்பது அவ்வதிகாரம் உணர்த்தும் நெறி. ஆராய்ந்து துணிதலுக்கும் துணிந்ததைச் செய்தலுக்கும் இடையில், களத்திலிருந்து திரும்பிவரும் நம்பத்தகுந்த செய்தி வேண்டும் என்பது இதனால் புலனாகும். இன்றைய தகவல் தொழில்நுட்பத்திற்கு உரிய இடமும் இதுவே.

எண்ணிக்கையின் எல்லை

சுற்றுலா உத்தியின் வெற்றியை அளக்க அரசுகள் பெரிதும் நம்புவது வருகை எண்ணிக்கையை. இந்தியச் சுற்றுலா அமைச்சகம் மாநிலங்கள் அனுப்பும் கணக்கைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுகின்றது. அதன்படி 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டு வருகைகள் ஏறத்தாழ 49.5 கோடி. உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்த இடம் தமிழ்நாட்டிற்குக் கிட்டியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 7.21 கோடி. மக்கள்தொகையைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு வருகை என்பது பெருமிதம் தரும் செய்தியே. ஆனால் உத்தி வகுப்போர்க்கு அது எதனை உணர்த்துகின்றது?

எண்ணப்பெறுவது ஆளன்று, வருகை. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் தங்கிச் செல்லும் ஒரு குடும்பத்தினர் மூவிடங்களிலும் எண்ணப்பெறக்கூடும். இரவில் வேனில் புறப்பட்டு, விடியலில் கோயிலில் வழிபட்டு, மாலையில் வீடு திரும்பும் குடும்பத்தினர் எந்த விடுதியின் பதிவேட்டிலும் இடம்பெறமாட்டார். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு உண்டு. ஆகவே அங்கு எண்ணிக்கையும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் வழிபாடு நிகழும் கோயிலாதலின் அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டணம் இன்மையால் சீட்டு வழி எண்ணிக்கையும் இல்லை. மாமல்லபுரம் 1984-ஆம் ஆண்டிலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987-ஆம் ஆண்டிலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஒரே தகுதி பெற்ற இச்சின்னங்களுக்கு வருவோரை அறியும் வழி மட்டும் ஒன்றாக இல்லை.

இலங்கையின் நிலை இதனின்று வேறானது. 2005-ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, நாட்டிற்குள் வருவோரின் எண்ணிக்கையை மாதந்தோறும் நாடுவாரியாக வெளியிடுகின்றது. தீவு நாடாதலின் வருவோர் அனைவரும் குடிவரவு வாயிலைக் கடந்தே ஆதல் வேண்டும். 2012-ஆம் ஆண்டு முதல் இணையவழிப் பயண அனுமதியும் நடைமுறையில் உள்ளது. 2018-ஆம் ஆண்டில் 23.3 இலட்சமாக இருந்த வருகை, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவ்வாண்டில் 19.1 இலட்சமாகக் குறைந்தமையை அச்சபையால் மாதவாரியாகக் காணவும் அதற்கேற்பச் செயற்படவும் இயன்றது. வாயில் உள்ள இடத்தில் தரவு பிறக்கின்றது. நாற்புறமும் சாலை திறந்துள்ள ஒரு மாநிலத்திற்கு அத்தகைய வாயில் இல்லை. தமிழ்நாட்டின் இரு மலைப்பகுதிகளில் அண்மையில் அத்தகைய வாயில் ஒன்று அமைந்தது.

நீலகிரியும் கொடைக்கானலும்: வாயில் அமைந்த வரலாறு

கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இதனைக் கருத்திற்கொண்ட நீதிமன்றம், 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே வருதல் வேண்டும் என ஆணையிட்டது. கொரோனாக் காலத்தில் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வதற்காக உருவாக்கப்பட்ட முறையே இதற்கு முன்மாதிரியாயிற்று. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இணையதளம் வழியாக அனுமதி வழங்கப்பட்டது. உள்ளூர் மக்களுக்கு விலக்களிக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் தொடர்வண்டியிலும் வருவோர்க்கு இ-பாஸ் தேவைப்படவில்லை.

முதலாண்டில் வாகன எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. விண்ணப்பித்தோர் அனைவருக்கும் அனுமதி கிட்டியது. எத்தனை வாகனம், எவ்வகை வாகனம், எத்தனை பேர், எத்தனை நாள் என்பவற்றை அறிவதே அப்போதைய நோக்கம். இம்மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திடமும் பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாய்வு முடியும் வரையிலான இடைக்கால ஏற்பாடாக, 2025 ஏப்ரல் முதல் சூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்களும் என வரம்பு விதிக்கப்பட்டது. முதலில் எண்ணுதல், பின்னர் அளவிடுதல், அதன்பின் வரையறுத்தல் என்னும் இவ்வொழுங்கே உத்திச் செயலாக்கத்தில் தகவல் தொழில்நுட்பம் ஆற்றத்தக்க பணியின் தெளிவான வடிவம்.

மயிற்பீலி மென்மையானதே, ஆயினும் அதனை அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்பது வலியறிதல் அதிகாரத்தின் புகழ்பெற்ற உவமைக் கருத்து. தனியொரு குடும்பத்தின் இரண்டு நாள் பயணம் மலைக்குச் சுமையன்று. எண்ணப்படாமையாலேயே அது சுமையாகின்றது. எந்தப் பீலி அச்சை முறிக்கும் என்பதை எண்ணாமல் அறிய இயலாது.

இ-பாஸ் முறை குறையற்றது எனக் கூறுவதற்கில்லை. வணிகர்களும் விடுதி உரிமையாளர்களும் தம் வருவாய் குறையும் என எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களின் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. கோடையின் இரண்டு மாத வருவாயை நம்பி ஆண்டு முழுவதையும் ஓட்டும் சிறுகடைகள் மலையில் பல. மேலும், வாகனத்தை எண்ணுதல் தண்ணீரை எண்ணுதலாகாது, குப்பையை எண்ணுதலாகாது. ஒருவரை ஏற்றிய மகிழுந்தும் பன்னிருவரை ஏற்றிய வேனும் வாகனக் கணக்கில் ஒவ்வொன்றே. எனினும் இக்குறைகள் அனைத்தும் தரவு கிடைத்தபின் பேசத்தக்கனவாக மாறின என்பதை மறுத்தல் இயலாது. முன்னர் மலைச்சாலையின் நெரிசல் ஒரு புலம்பல். இன்று அது ஒரு கணக்கு.

இங்கு ஓர் உண்மை உறுத்துகின்றது. நாட்டின் குறிப்பிடத்தக்க சுற்றுலாத் தரவு முயற்சிகளுள் ஒன்றான இது, எந்தச் சுற்றுலா அமைப்பின் உத்தியிலிருந்தும் பிறக்கவில்லை. நீதிமன்ற ஆணையிலிருந்து பிறந்தது. சுற்றுலா அமைப்புகளின் தொழில்நுட்ப முதலீடு, வருக என அழைக்கும் முகப்பில் நின்றுவிட்டது. எத்தனை பேர் வந்தால் இடம் தாங்கும் என்னும் வினாவை அவை தமக்குரியதாகக் கொள்ளவில்லை. வினா இல்லாத இடத்தில் மென்பொருள் விடை தருவதில்லை.

பிரிந்துகிடக்கும் தரவு

உதகமண்டலத்திற்கு இரண்டு நாள் பயணமாக வரும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர்களின் வாகனப் பதிவு மின்னாளுமை முகமையின் கணினியில் உள்ளது. 1848-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தாவரவியல் பூங்காவின் நுழைவுச்சீட்டு தோட்டக்கலைத் துறையின் கணக்கில் சேர்கின்றது. படகு இல்லக் கட்டணம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் வருவாய். மலைத்தொடர்வண்டியில் பயணம் செய்தால் அப்பதிவு இந்திய இரயில்வேயிடம் உள்ளது; இத்தொடர்வண்டி 2005-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றது. அறை முன்பதிவு ஒரு தனியார் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் உள்ளது. காட்டின் விளிம்பில் நின்ற நேரம் வனத்துறைக்கு உரியது. அவர்கள் விட்டுச்சென்ற குப்பை நகராட்சியின் பொறுப்பு.

ஏழு பதிவேடுகளில் ஏழு துண்டுகளாக அக்குடும்பம் சிதறிக்கிடக்கின்றது. இவற்றுள் எதுவும் தவறானதன்று, எதுவும் முழுமையானதுமன்று. ஒரு துறை தன் பதிவேட்டை மட்டும் நோக்கி முடிவெடுக்கும்போது, பூங்காவின் வருவாய் பெருகியமையை வெற்றியெனக் கொள்ளும். அதே நாளில் நகராட்சி குப்பை மிகுதியைத் தோல்வியெனக் கொள்ளும். இரண்டும் ஒரே நிகழ்வின் இருமுகங்கள் என்பதைக் காண்பதற்கு உரிய இடம் எங்கும் இல்லை. பிரஸ்மனும் வில்டாவ்ஸ்கியும் சுட்டிய ஒப்புதல் சங்கிலி இங்குத் தரவுச் சங்கிலியாகவும் அறுபட்டு நிற்கின்றது.

சமய வழிபாட்டுப் பயணத்தில் இச்சிதறல் இன்னும் மிகுதி. இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகையில் 36,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்கள் வேறு. தர்காக்கள், தேவாலயங்கள் ஆகியவற்றின் நிருவாகம் வேறு. தமிழ்நாட்டில் பயணம் செய்வோருள் பெரும்பகுதியினர் வழிபாட்டிற்காகச் செல்வோர் என்பது கண்கூடு. அவர்களின் வழித்தடத்தைச் சுற்றுலா அமைப்புகள் தம் உத்தியின் நடுவில் வைக்கவில்லை. விமானத்தில் வந்து இணையத்தில் அறை பதிவு செய்யும் சிறுபான்மையே தரவில் தெளிவாகத் தெரிகின்றது. தரவில் தெரிவோர்க்கே திட்டமும் தீட்டப்பெறுகின்றது.

ஊர்ப்பெயர் என்னும் திறவுகோல்

இச்சிதறலை நீக்க மேலும் ஒரு செயலி போதாது. இரண்டு தரவுத்தளங்கள் இணைய வேண்டுமாயின், இரண்டிலும் பொதுவாக உள்ள ஓர் அடையாளம் வேண்டும். சுற்றுலாத் தரவில் அவ்வடையாளம் பெரும்பாலும் இடத்தின் பெயரே. இவ்விடத்தில் தொழில்நுட்பச் சிக்கல் மொழிச் சிக்கலாக மாறுகின்றது.

உதகமண்டலம், உதகை, ஊட்டி என்பன ஒரே ஊர். மாமல்லபுரமும் மகாபலிபுரமும் ஒரே ஊர். இன்றைய மயிலாடுதுறை, பழைய ஆவணங்களில் மாயவரம் அல்லது மாயூரம். இவற்றிற்கு மாறாக, ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருத்தலும் உண்டு. திருப்பத்தூர் என்னும் பெயரில் மாவட்டத் தலைநகர் ஒன்றும், சிவகங்கை மாவட்டத்து ஊர் ஒன்றும் உள்ளன. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. சோழபுரம் என்று மட்டும் வழங்கும் ஊர் கும்பகோணத்தை அடுத்துள்ளது. மனிதர்க்கு இவை குழப்பம் தருவதில்லை, கேட்டுத் தெளிவர். கணினிக்கு ஊட்டியும் உதகமண்டலமும் இரண்டு ஊர்கள். இரண்டு திருப்பத்தூர்களும் ஓரூர். ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் ஒரே பெயர் மூன்று நான்கு வடிவங்களைப் பெறுவதும் சேர்ந்துகொள்கின்றது.

2020 சூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்து வடிவத்தைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றும் அரசாணை வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அப்போது எழுந்த விவாதம் எழுத்துக்கூட்டலின் அழகையும் பழக்கத்தையும் பற்றியதாகவே அமைந்தது. ஆங்கில வடிவம் எதுவாயினும், ஒவ்வோர் ஊருக்கும் மாறாத குறியெண் ஒன்றும் அதனோடு பிணைந்த தமிழ்ப்பெயரும் அதன் வழக்கு வடிவங்களும் கொண்ட பொதுப்பட்டியல் வேண்டும் என்னும் கோரிக்கை அவ்விவாதத்தில் முதன்மை பெறவில்லை. அத்தகைய பட்டியல் இருந்திருந்தால் எழுத்துக்கூட்டல் மாற்றம் ஒரு புலத்தில் செய்யும் திருத்தமாக முடிந்திருக்கும்.

இப்பட்டியலை ஆக்குதல் தமிழாய்வாளர் பணி. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் ஊர்ப்பெயராய்வு பெரிதும் வளர்ந்துள்ளது; மாவட்டந்தோறும் ஆய்வேடுகள் எழுந்துள்ளன. கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் எவ்வாறு வழங்கியது, எந்த நாட்டில், எந்த வளநாட்டில் அடங்கியிருந்தது, எப்போது திரிந்தது என்னும் செய்திகள் அவ்வேடுகளில் உள்ளன. ஆனால் அவை அச்சு வடிவில் நூலகத் தட்டுகளில் உறங்குகின்றன. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபின் தமிழ்த் தரவைப் பரிமாறுதற்கு எழுத்துருத் தடை நீங்கிவிட்டது. எஞ்சிய தடை, அவ்வறிவைப் பட்டியலாகத் தொகுத்து அரசமைப்புகளிடம் ஒப்படைக்கும் முயற்சி இன்மையே.

இதனால் விளையும் பயன் நிருவாகத்தோடு நின்றுவிடாது. தாராசுரத்திற்கு வரும் பயணி தன் கைப்பேசியில் காணும் குறிப்பு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் பெயர்க்கப்பட்டதாகவோ, யாரோ கூறிய கதையாகவோ உள்ளது. அக்கோயிலில் பெரியபுராண அடியார் வரலாறுகள் சிற்றுருவச் சிற்பங்களாக அமைந்துள்ளமையை உரிய தமிழில் எடுத்துரைக்கும் குறிப்பு, சரியான இடக்குறியெண்ணோடு இணைந்திருப்பின், விருதுநகரிலிருந்து வேனில் வந்த குடும்பத்திற்கும் அது கிட்டும். தமிழில் வினவுவோர்க்குத் தமிழில் விடை தருதல், உள்ளூர்ப் பயணியே பெரும்பான்மையாக உள்ள மாநிலத்தில் உத்தியின் முதற்கூறாதல் வேண்டும்.

மறுப்புகளும் விடையும்

இக்கருத்திற்கு மூன்று மறுப்புகள் எழலாம். அனுபவம் வாய்ந்த அலுவலர் தரவின்றியே களத்தை அறிவர் என்பது முதல் மறுப்பு. அது பெருமளவு உண்மையே. ஆனால் அலுவலர் இடமாற்றம் பெறும்போது அவ்வறிவும் இடம்பெயர்கின்றது. அமைப்பு மீண்டும் முதலிலிருந்து கற்கின்றது. பதிவான தரவு அமைப்பின் நினைவாகின்றது.

தரவு தொகுத்தல் தனிமனித உரிமையில் தலையிடும் என்பது இரண்டாம் மறுப்பு. இது வலிமையானது. கைப்பேசி எண்ணும் வாகன எண்ணும் தங்குமிடமும் ஓரிடத்தில் சேரும்போது அது கண்காணிப்பாக மாறக்கூடும். 2023-ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கருதியே இயற்றப்பெற்றது. உத்திக்குத் தேவைப்படுவது யார் வந்தார் என்பதன்று. எத்தனை பேர், எங்கிருந்து, எத்தனை நாள் என்பதே. பெயரை நீக்கிய தொகுப்பெண்கள் இதற்குப் போதுமானவை. நோக்கம் நிறைவேறியபின் மூலப்பதிவை அழித்தலும் முறையின் பகுதியாதல் வேண்டும்.

கைப்பேசி அற்றோரும் எழுத்தறிவு குறைந்தோரும் விலக்கப்படுவர் என்பது மூன்றாம் மறுப்பு. இணையவழிப் பதிவைக் கட்டாயமாக்கும் எந்த முறையும் இவ்விடரைச் சுமந்தே வருகின்றது. அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு இ-பாஸ் வேண்டியதில்லை என்னும் விதி இதற்கு ஓரளவு விடையாகின்றது. அது பொதுப் போக்குவரத்தை ஊக்குவிக்கவும் செய்கின்றது. எளியோர்க்குக் கதவை அடைக்காத வகையில் வாயிலை அமைத்தல் இயலும் என்பதற்கு இவ்விதியே சான்று.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு செயல்கள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு சுற்றுலாத் திட்டமும் தொடங்குமுன், அது வெற்றி பெற்றதா என்பதை எந்த எண்ணால் அறிவது என்னும் வினாவிற்கு எழுத்தில் விடை பெறுதல். வருகை எண்ணிக்கையோடு தங்கிய நாள், நீர்ப்பயன்பாடு, குப்பையின் அளவு, உள்ளூரார் வருவாய் ஆகியனவும் அவ்விடையில் இடம்பெறுதல் வேண்டும். இரண்டாவது, ஓரிடத்தில் தொகுத்த தரவை அவ்விடத்து ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் மாதந்தோறும் திருப்பியளித்தல். சென்னைக்குச் செல்லும் தரவு அறிக்கையாகின்றது; ஊருக்குத் திரும்பும் தரவு முடிவாகின்றது. மூன்றாவது, ஒரே செய்தியை மூன்று வழிகளில் சோதித்தல். வாகனப் பதிவும் நுழைவுச்சீட்டும் நீர் வழங்கல் கணக்கும் ஒத்துச்செல்லும்போதே அவ்வெண்ணை நம்புதல் தகும். நான்காவது, தமிழ்ப்பெயரை அடிப்படையாகக் கொண்ட இடப்பெயர்ப் பொதுப்பட்டியலைத் தமிழ்த்துறைகளின் துணையோடு உருவாக்கி அனைத்துத் துறைகளுக்கும் கட்டாயமாக்குதல்.

முடிவுரை

தகவல் தொழில்நுட்பம் சுற்றுலா உத்தியை வகுத்துத் தருவதில்லை. வகுத்த உத்தி களத்தில் எவ்வாறு நிற்கின்றது என்பதைத் திரும்பக் கூறும் வாய்ப்பை அளிக்கின்றது. அவ்வாய்ப்பை முகப்பு அலங்காரத்தில் செலவிட்டுவிட்டால், இடம் தாங்காமற்போனபின் நீதிமன்றம் வாயில் அமைக்க வேண்டிவரும் என்பதை நீலகிரியும் கொடைக்கானலும் காட்டியுள்ளன. அடுத்த வாயில் எந்த மலையில், எந்தக் கடற்கரையில், எந்தக் கோயில் வீதியில் தேவைப்படும் என்பதை முன்னரே அறிதல் சுற்றுலா அமைப்புகளின் கடமை. அதற்கு வேண்டிய ஊரறிவும் பெயரறிவும் தமிழாய்வேடுகளில் ஏற்கெனவே உள்ளன. நூலகத் தட்டிலிருந்து அவற்றை இறக்கிப் பொதுப்பயனுக்கு ஒப்படைப்பது, அவ்வேடுகளை எழுதியோர்க்கும் வழிகாட்டியோர்க்கும் உரிய பணியாக எஞ்சி நிற்கின்றது.